பாம்பன் தூக்குப் பாலத்தை மேசை மேல் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மாடி அறையில் பாம்பன் பழைய ரயில் பாலத்தின் ஒரு பகுதி இருக்கிறது. நடுவில் தூக்குப் பாலம், இரண்டு பக்கமும் நான்கு நான்கு கண்கள் (கண் என்றால் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை). எல்லாம் கையால் வெட்டி ஒட்டியது. பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஸ்க்ராட்ச் பில்டிங் என்கிறீர்களே, அது என்ன?

கடையில் கிட் வாங்கி, எண் பார்த்து ஒட்டினால் அது கிட் பில்டிங். வெறும் அட்டை, பிளாஸ்டிக் ஷீட், கம்பி என்று தொடங்கி, அளவையும் நாமே கண்டுபிடித்துக் கட்டினால் ஸ்க்ராட்ச் பில்டிங். மாடல் ரயில்காரர்கள் ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். அமெரிக்க, ஜெர்மன் ஸ்டேஷன்களுக்கு ஆயிரம் கிட் உண்டு. நம் ஊர்க் கட்டடம் வேண்டுமென்றால் பெரும்பாலும் கத்தியைக் கையில் எடுக்க வேண்டியதுதான்.

ஏன் பாம்பன்? ஒரு சின்ன ஸ்டேஷனில் தொடங்கியிருக்கலாமே?

தொடங்கியிருக்கலாம். புத்திசாலிகள் அப்படித்தான் செய்வார்கள்.

சின்ன வயதில் ராமேஸ்வரம் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்த்தால் தண்ணீர் மட்டும்தான் தெரியும். பாலத்துக்குப் பக்கச் சுவர் இல்லை, கர்டர் எனும் இரும்பு உத்தரங்கள் எல்லாம் தண்டவாளத்துக்குக் கீழே. வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும். கடல் மேல் ரயில் மிதப்பது போன்ற அந்த உணர்வு, நடுவில் திடீரென்று இரும்புக் கூட்டுக்குள் நுழையும்போது அறுபடும். அந்தக் கூடுதான் தூக்குப் பாலம். கட்டினால் இதைத்தான் கட்டுவது என்று அப்போதே ஒட்டிக்கொண்டது.

மற்றபடி வரலாறும் சும்மா இல்லை. 1911-ல் வேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24-ல் திறந்தார்கள். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து கிளம்பும் போட் மெயில் ரயில் இந்தப் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி போகும். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் பாலம் நாசமானபோதும் தூக்குப் பகுதி தாக்குப்பிடித்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில்கள் நின்றன. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது.

அப்படியென்றால் புதிய பாலத்தையே கட்டலாமே? பொறிமுறை எளிது என்கிறார்கள்.

எளிதுதான். 72.5 மீட்டர் நீளத் துண்டு, இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் லிஃப்ட் போல நேராக மேலே போகிறது. மாடலில் நான்கு மூலையில் நூல் கட்டி இழுத்தால் போதும். எனக்கு அதன் மேல் வருத்தம் ஒன்றுமில்லை, ஆனால் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தது அதை இல்லை.

முழுப் பாலத்தையும் ஏன் கட்டவில்லை?

கணக்கைப் பாருங்கள். பாலத்தின் நீளம் ஏறக்குறைய 2,065 மீட்டர். எச்.ஓ. என்கிற 1:87 அளவில் அது 23.7 மீட்டர். அதைவிடச் சின்னதான, ஆங்கில ‘N’ எழுத்தால் குறிக்கும் ஸ்கேலில், அதாவது 1:160-ல்கூடக் கிட்டத்தட்ட 13 மீட்டர். கல்யாண மண்டபம் வாடகைக்கு எடுத்தால் முடியும்.

ஆகவே குறைக்கத்தான் வேண்டும். குறைப்பதில் இரண்டு வழி. ஒன்று, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குவது. இன்னொன்று, சில கண்களை அப்படியே விட்டுவிட்டு, வைத்துக்கொள்வதை அசல் அளவில் கட்டுவது. முதல் வழியில் போனால் பாலம் பொம்மையாகிவிடும். ஒரு பெட்டியை மேலே நிறுத்தியதுமே குட்டு வெளிப்பட்டுவிடும். நான் 145 கண்களில் எட்டும் தூக்குப் பாலமும் மட்டும் எடுத்துக்கொண்டேன். அதுவே இரண்டு மீட்டருக்கு மேல் வந்துவிட்டது. மேசையின் இரு முனையிலும் பாலம் வெட்டியது போல முடிகிறது. அதைச் சுவரால் மறைக்காதீர்கள். முனை திறந்திருந்தால் பார்க்கிறவர் கண்ணே மிச்சத்தைக் கட்டிக்கொள்ளும்.

எந்த ஸ்கேல், எந்த கேஜ்?

முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள். கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள அகலம், தானாக வரும். 2007-க்கு முன்னால் இந்தப் பாதை மீட்டர் கேஜ். எச்.ஓ. அளவில் மீட்டர் கேஜ் என்றால் 11.5 மி.மீ. வரும், சுவிட்சர்லாந்து மலை ரயில் மாடல்களுக்காக விற்கும் 12 மி.மீ. தண்டவாளம் அதற்குப் பக்காவாகப் பொருந்தும். ஒய்.பி. நீராவி இன்ஜினோ, ஒய்.டி.எம்-4 டீசல் இன்ஜினோ ஓட்டலாம், ஆனால் வண்டியையும் நீங்களேதான் கட்ட வேண்டியிருக்கும்.

2007-க்குப் பின் பிராட் கேஜ், அதாவது 1,676 மி.மீ. இதை 87-ஆல் வகுத்தால் 19.3. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ., ஐரோப்பிய கேஜுக்காகச் செய்தது. இந்திய மாடல்காரர்களில் பெரும்பாலோர் இந்த 3 மி.மீ. குறையைக் கண்டுகொள்வதில்லை. சமவெளியில் நானும் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் பாலத்தின் மேல், ஸ்லீப்பர்களின் நடுவில் தண்டவாளம் ஒடுங்கி நிற்பது நேராகக் கண்ணில் குத்தும். எனக்கு மீட்டர் கேஜ் காலம்தான் பிடித்தது என்பதால் தப்பித்தேன்.

வரைபடம் கையில் இல்லை. அளவு எங்கிருந்து எடுப்பது?

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருந்தால் மற்ற எல்லாவற்றின் அளவும் கிடைக்கும். ரயில் பாலத்தில் அந்தப் பொருள் ரயில்தான். ஐ.சி.எஃப். எனும் பழைய வகைப் பயணிகள் பெட்டியின் உடல் நீளம் 21.34 மீட்டர். பாலத்துக்குச் செங்குத்தாக, தொலைவிலிருந்து ஜூம் செய்து எடுத்த படமாகத் தேடுங்கள். பக்கத்தில் ஓடும் சாலைப் பாலம் 1988-லேயே வந்துவிட்டதால் அதன் மேல் நின்று எடுத்த படங்கள் ஏராளம். படத்தை அச்சிட்டு, ஒரு பெட்டியை அளந்து பாருங்கள். 128 மி.மீ. வருகிறது என்றால், காகிதத்தில் 1 மி.மீ. என்பது அசலில் கிட்டத்தட்ட 167 மி.மீ. அதே படத்தில் ஒரு இரும்புச் சட்டம் 3 மி.மீ. அகலம் இருந்தால் அசலில் அரை மீட்டர், உங்கள் மாடலில் 5.7 மி.மீ. கால்குலேட்டரும் பொறுமையும் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் பாதிப் பாலத்துக்கு அளவு எடுத்துவிடலாம்.

ஜூம் ஏன் என்றால், தூக்குப் பாலத்தின் இந்தப் பக்கச் சட்டம் நமக்கு அருகில் இருக்கிறது, பெட்டி அதற்குப் பின்னால் இருக்கிறது. கிட்டத்தில் நின்று எடுத்த படத்தில் சட்டம் பெரிதாகவும் பெட்டி சிறிதாகவும் விழும். தூரத்திலிருந்து எடுத்தால் இந்த வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

இன்னொரு கண்ணி, நான் காலை விட்டது. நான் எடுத்த படத்தில் நின்றது எல்.எச்.பி. எனும் புதிய வகைப் பெட்டி. அதன் நீளம் 23.54 மீட்டர். நான் ஐ.சி.எஃப். என்று நினைத்துக் கணக்குப் போட்டதால் எல்லா அளவும் ஒன்பது சதவீதம் சிறுத்துவிட்டது. தூக்குப் பாலத்தில் எழும்பும் இரண்டு பாதிகளில் ஒன்றை, அதாவது ஒரு பக்கத்து இறகு முழுவதையும் வெட்டி ஒட்டி, பெருமையோடு ஒரு பெட்டியை உள்ளே தள்ளினேன். கூரை மேல் சட்டத்தில் இடித்து நின்றது. அந்த இறகு இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

சரிபார்க்க ஒரு வழி: 2,065 மீட்டரை 145-ஆல் வகுத்தால் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் சராசரியாகப் 14 மீட்டர் சொச்சம். அப்படியானால் ஒரு ஐ.சி.எஃப். பெட்டி ஏறக்குறைய ஒன்றரைக் கண்ணை அடைக்க வேண்டும். உங்கள் வரைபடத்தில் அப்படி இல்லையென்றால் கத்தியை எடுக்காதீர்கள்.

நேரில் போய் அளக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பாலத்தின் மேல் ஏறாதீர்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி அது அத்துமீறல், அபராதமும் சிறையும் உண்டு. அப்புறம், கீழே கடல்.

ஷெர்சர் பாலம் என்கிறார்கள். அது எப்படித்தான் எழும்புகிறது?

கதவு போலக் கீல் வைத்துத் திறக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இதில் கீலே கிடையாது. சிகாகோ பொறியாளர் வில்லியம் ஷெர்சரின் யோசனை இது. அந்த ஊரில் வான் ப்யூரன் தெருவில் 1895-ல் இந்த வகைப் பாலம் வந்தது. நம் பத்திரிகைகள் அவரை ஜெர்மானியர் என்று எழுதுவதைப் பார்க்கலாம். பூர்வீகம் ஜெர்மனி, பிறந்தது அமெரிக்காவில்.

குழந்தைகள் ஆடும் மரக்குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் வளைந்த கட்டை இருக்கும். பின்னால் சாய்ந்தால் குதிரை உருண்டு, முகம் மேலே போகும். தூக்குப் பாலத்தின் ஒவ்வொரு இறகுக்கும் தூண் பக்கத்தில் அப்படி ஒரு வளைந்த குதிகால் இருக்கிறது, வட்டத்தின் ஒரு துண்டு. அது தட்டையான ஒரு இரும்புப் பாதையின் மேல் உட்கார்ந்திருக்கும். வழுக்கிவிடாமல் இருக்க ஒன்றில் குழி, இன்னொன்றில் பல். இறகு பின்னால் உருளும்போது முனை உயர்வதோடு, முழு இறகுமே கால்வாயை விட்டுப் பின்வாங்குகிறது. கப்பலுக்கு வழி அகலமாகக் கிடைப்பது அதனால்தான்.

ஒரு இறகின் எடை 415 டன். அதை மனிதர்கள் கையால் நெம்பித் திறந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? ரகசியம் பின்பக்க எடையில் இருக்கிறது. கிணற்று ஏற்றத்தில் ஒரு முனையில் வாளி, மறுமுனையில் கல் கட்டுவது போல, இறகின் எடையைப் பின்னால் உள்ள எடை சமன் செய்துவிடும். பிறகு உராய்வை வென்றால் போதும்.

சரி, மாடலில் இதை எப்படிச் செய்வது?

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. ஒரு வட்டம் தட்டையான தரையில் உருளும்போது அதன் மையம் எப்படி நகரும்? நேர்கோட்டில், தரைக்கு இணையாக. ஆகவே குதிகால் வட்டத்தின் மையத்தில் ஒரு ஊசியைக் குத்தி, அந்த ஊசியைக் கிடைமட்டமாகப் பின்னால் இழுத்தால் இறகு தானாக எழும்பும். அசல் ஷெர்சர் பாலங்களிலும் பல்சக்கரம் இந்த மையத்தில்தான் இருக்கும்.

எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதும் எளிய கணக்கு. குதிகாலின் ஆரம் 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இறகு 80 பாகை எழ வேண்டும். ஆரத்தை 1.396-ஆல் பெருக்குங்கள், சுமார் 8.4 செ.மீ. அவ்வளவு நீளத்துக்குக் கிடைமட்டப் பிளவு ஒன்று வெட்டி, ஊசியை அதில் ஓடவிடுங்கள்.

குதிகாலை வெட்டுவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. நான்கு குதிகால்களும் ஒரே அச்சாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இறகு எழும்பும்போது நொண்டும். நான்கு துண்டு 2 மி.மீ. ஷீட்டை ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு முறுக்கி, நான்கையும் சேர்த்தே உப்புத்தாளில் தேய்த்தேன். விரலை வளைவின் மேல் ஓட்டினால் எங்கே மேடு என்று கண்ணைவிட விரல் சீக்கிரம் சொல்லும். பல்லும் குழியும் நான் போடவில்லை. வளைவில் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டினேன், வழுக்கவில்லை. போட்டிக்கு அனுப்புகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

பின்பக்க எடைக்கு மீன் வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் வாங்கிப் பெட்டிக்குள் போட்டேன். இறகைப் பாதி எழுப்பிக் கையை எடுத்தால் அங்கேயே நிற்க வேண்டும். அதுவரை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

என்ன பொருளில் கட்டினீர்கள்?

இரும்புச் சட்டங்கள் எல்லாம் ஸ்டைரீன் பிளாஸ்டிக், 0.5 மற்றும் 1 மி.மீ. ஷீட். எல் வடிவ, எச் வடிவக் குச்சிகளாகவே கிடைக்கின்றன, வெளிநாட்டுச் சரக்கு, விலை கூடுதல். மறைவான இடத்துக்கு ஷீட்டை நாமே கீறி உடைத்துக்கொள்ளலாம். கட்டர் கத்தி, ஸ்டீல் ஸ்கேல், வெட்டுப் பாய் இருந்தால் போதும்.

அட்டையில் கட்ட முடியாதா என்றால், முடியும். முதல் கர்டர் நான் கல்யாணப் பத்திரிகை அட்டையில்தான் செய்தேன். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் அது வாழைமட்டை மாதிரி வளைந்தது. அட்டைதான் என்றால் இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள்.

பசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சொட்டு விட்டால் உடனே ஒட்டும் சூப்பர் பசை, ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சாம்பல் பூத்தது போல வெள்ளைப் படலம் விடும். ஸ்டைரீனுக்குத் தண்ணீர் போல ஓடும் கரைப்பான் பசைதான் சரி. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷ்ஷால் தொட்டால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ரிவெட் எல்லாம் போட்டாக வேண்டுமா?

1914 பாலம் வெல்டிங் இல்லாத காலத்து வேலை. ரிவெட் இல்லாவிட்டால் அது இரும்பு மாதிரியே தெரியாது. ஆனால் எல்லா ரிவெட்டும் போட்டால் நீங்கள் மனிதர் மாதிரி தெரிய மாட்டீர்கள்.

நான் பார்வையாளர் பக்கத்துச் சட்டங்களில் மட்டும், அதிலும் மூட்டுத் தகடுகளில் மட்டும் போட்டேன். கிராஃப் காகிதத்தை ஒட்டிவைத்து, 0.25 மி.மீ. ஷீட்டின் பின்பக்கத்தில் மொக்கையான காம்பஸ் ஊசியால் குத்தினால் முன்பக்கம் சின்னக் கொப்புளம் வரும். 1:87-ல் ரிவெட் தலை அரை மி.மீ.கூட இருக்காது. அழுத்தினால் பருவாகிவிடும். வரிசை நேராக இருப்பதுதான் முக்கியம். ஒன்று விலகினாலும் அது மட்டுமே தெரியும்.

தூண்கள்?

சன்போர்டு எனும் கெட்டியான நுரை அட்டையில் செய்து, மேலே மெல்லிய புட்டி தடவித் தேய்த்தேன். சொல்ல அதிகமில்லை. அளவு ஒன்றாக இருக்க ஒரு தூண் செய்து, அதை வைத்துக் கோடு போட்டு மற்றவற்றை வெட்டுங்கள்.

பெயிண்ட், துரு?

இரும்புக்கு அலுமினியச் சாம்பல். பளபளவென்று வெள்ளி அடிக்காதீர்கள், கொஞ்சம் வெளிர் சாம்பல் கலந்து மங்கச் செய்யுங்கள். துருவை எங்கே வைப்பது என்றால், தண்ணீர் தங்கும் இடத்தில். மூட்டுத் தகட்டின் அடிவிளிம்பு, கர்டரின் கீழ்ப்பட்டை, போல்ட் சந்து. உப்புக்காற்றில் நிற்கிற இரும்பு என்பதால் துரு நிறையத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஓயாமல் பெயிண்ட் அடித்துப் பராமரித்த பாலம் அது. பழைய பெயிண்டின் மேல் புதிய பெயிண்ட் அடித்த திட்டுத்திட்டான நிறவேறுபாடு துருவைவிட உண்மையாக இருக்கும். தூண்களில் அலையேறும் உயரம் வரை கரும்பச்சைப் பட்டை ஒன்று தேவை.

கடலை எப்படிச் செய்தீர்கள்?

பிளைவுட் மேல் பெயிண்ட், அதன் மேல் பளபளப்பான வார்னிஷ் ஐந்தாறு கோட். ரெசின் ஊற்றவில்லை, பெரிய பரப்பில் அது சூடாகிறது, நாளானால் மஞ்சளாகிறது. நீலம் மட்டும் அடித்தால் தப்பு. பாம்பனில் ஆழம் குறைவு. மணல் தெரியும் இடத்தில் வெளிர் பச்சை, பாறைக்கு மேல் பழுப்பு, கால்வாயில்தான் கருநீலம். பாலத்துக்கு ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்பதால், ஒரு பக்கம் கண்ணாடி மாதிரியும் மறுபக்கம் அலையோடும் செய்தேன்.

இறகு திறந்திருக்கும்போது ரயில் வந்தால்?

விழும். எனக்கு ஒரு தடவை விழுந்தது, நல்ல வேளையாகக் காலிப் பெட்டி. அதன் பிறகு இறகு முழுவதும் படிந்தால் மட்டும் அழுந்தும் மைக்ரோ ஸ்விட்ச் ஒன்றை வைத்து, இருபுறமும் ஒரு மீட்டர் தண்டவாளத்துக்கான மின்சாரத்தை அதன் வழியாக எடுத்தேன். இறகு எழுந்தால் அந்தப் பகுதி செத்துப்போகும். இறகின் மேலுள்ள தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்க மயிரிழை போன்ற வளையும் வயர் வேண்டும். தடித்த வயர் போட்டால் அதுவே இறகைத் தூக்கிப் பிடிக்கும்.

1964 புயல் காட்சியை வைக்கலாமே?

பலரும் கேட்கிறார்கள். அந்த இரவில் தனுஷ்கோடி அருகே ஒரு பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் போனது. அதைப் பொம்மையாகச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் நடந்த வேலையை யாராவது செய்தால் ஓடிவந்து பார்ப்பேன்: கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து, ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை மறுபடி ஓடவைத்தார்கள். தூண்கள் மட்டும் வரிசையாக நிற்க, நடுவில் தூக்குப் பாலம் தனியாக நிற்கும் காட்சி. செய்வதும் சுலபம், பாதிக் கர்டர் மிச்சம்.

முதல் முயற்சியாகவே இதைத் தொடங்கலாமா?

ஒரு கர்டரும் இரண்டு தூணும் மட்டும் கட்டுங்கள். பெயிண்ட் அடித்து, மேலே ஒரு பெட்டியை நிறுத்தி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். தினமும் அந்தப் பக்கம் போகும்போது குனிந்து பார்க்கத் தோன்றினால் மேலே போகலாம். எனக்கு எட்டுக் கண்ணுக்கு ஆறு மாதம், தூக்குப் பாலத்துக்கு மட்டும் ஒன்றரை வருடம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை.

மோட்டார் எங்கே இருக்கிறது? சத்தமே இல்லையே?

மோட்டார் இல்லை. முதலில் இரண்டு சின்ன சர்வோ மோட்டார் வாங்கி வைத்தேன், இறகு விசுக்கென்று எழுந்து நின்றது, பார்க்கவே சகிக்கவில்லை. இப்போது மேசைக்கு அடியில் இரண்டு கைப்பிடி இருக்கிறது, பக்கத்துக்கு ஒன்று. இரண்டு பேர் வேண்டும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வந்திருப்பவர். ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் ஒரு இறகு முந்திக்கொள்ளும், அதனால் வாய்விட்டு எண்ணிக்கொண்டுதான் சுற்ற வேண்டும்.